தவளையின் வயிற்றில் ஈயம்

கடையில் வாங்கிய ரப்பர் தவளையை அப்படியே ஏரியில் வீசினால் அது வெறும் ரப்பர்தான். வயிற்றுக்குள் ஓரிரு கிராம் ஈயம் சரியான இடத்தில் சேர்ந்த பிறகே அதற்கு நடை வருகிறது. பெங்களூரில் விரால் பிடிக்கும் தூண்டில்காரர்களிடம் நான் மிகவும் ரசிப்பது இந்த வேலையைத்தான். வீச்சின் அழகைப் பலரும் புகழ்வார்கள். எனக்கு அதற்கு முந்தைய இரவு, மேசைமேல் எடை பார்த்துப் பார்த்துச் சேர்ப்பது இன்னும் அழகு.

விரால் செவுளை மட்டும் நம்பி வாழும் மீன் அல்ல. அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். அதனால் ஆகாயத்தாமரை மூடி மற்ற மீன்கள் திணறும் தண்ணீரிலும் அது தாக்குப்பிடிக்கும். பெங்களூரைச் சுற்றி அப்படிப்பட்ட ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. முள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தூண்டில் அங்கே இரண்டு முழம் நகர்வதற்குள் கொடியில் மாட்டிக்கொள்ளும். நம் ஊர்க் குளங்களில் உயிர்த்தவளையைக் கோத்து விரால் பிடிப்பது பழைய வழக்கம். அமெரிக்காவில் பாஸ் மீனுக்காக உருவான ரப்பர் தவளை அந்த இடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. உள்ளே வெற்றிடம், இரண்டு முட்களும் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். மீன் கவ்வியதும் உடல் நசுங்கி முள் வெளிப்படும்.

கைதேர்ந்தவர் ஈயம் ஏற்றுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். முள்ளின் தண்டு உடலுக்குள் நுழையும் இடத்தில் ரப்பரை நகத்தால் விலக்கி, சின்னச் சின்ன ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுகிறார். ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை வாளித் தண்ணீரில் மிதக்க விடுகிறார். தவளை மட்டமாகக் கிடந்தால் அவருக்குத் திருப்தியில்லை. பின்புறம் அமிழ்ந்து மூக்கு மேலே தூக்கி நிற்க வேண்டும். பிறகு கவிழ்த்துப் போடுகிறார். அது தானே புரண்டு நிமிர வேண்டும். பின்புறம் தாழ்ந்திருந்தால் கீழிருந்து பாயும் விராலின் வாய்க்குள் முள் முதலில் போகும். மூக்கு உயர்ந்திருந்தால் கோலின் நுனியை லேசாகச் சுண்டினாலே தவளை இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி வரும். இன்னும் ஒரு குண்டு கூடினால் எல்லாம் கெட்டுவிடும்: பின்பாதி மூழ்கிப் பாசியை வாரிக்கொண்டு வரும்.

கொடி அடர்ந்த இடத்தில் எடைக்கு வேறொரு வேலையும் உண்டு. கனத்த தவளை பாசிப்படலத்தை அழுத்திக்கொண்டே நகரும். அடியில் கிடக்கும் விரால் தவளையைப் பார்க்காமலே அந்த அசைவை உணர்ந்துவிடும். குண்டுகளை உள்ளே உருளவிடலாமா, ஒரு சொட்டுப் பசை வைத்து நிறுத்தலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. உருண்டால் சத்தம் கிடைக்கும். ஆனால் கொடிமேல் தவளை சாயும்போது ஈயமும் சேர்ந்து சாயும். என் ஓட்டு பசைக்கு.

கனம் ஏற்றும் கணக்கு தவளையோடு நிற்பதில்லை. 1949இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஏக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் தூண்டில் இரையாக மென்பிளாஸ்டிக் புழுவை வார்த்தார். அன்றிலிருந்து அதற்கு எங்கே கனம் கூட்டுவது என்ற ஆராய்ச்சி ஓயவில்லை. மூக்கில் தோட்டா வடிவ ஈயம் வைத்தால் புழு தலைகுப்புற இறங்கும். ஒரு முனையில் ஆணி போன்ற எடையைச் செருகினால் அந்த முனை தரையைத் தொட, மறுமுனை நின்று ஆடும். பிளாஸ்டிக்கிலேயே உப்பைக் கலந்து வார்த்தால் படுத்த வாக்கில் நடுங்கிக்கொண்டே அமிழும். உடல் முழுக்கக் கனம் பரவிய இந்தக் கடைசி வகைதான் எனக்கு எல்லாவற்றிலும் நயமானது.

கர்நாடகத்துக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. காவிரியில் பீமேஸ்வரி பக்கம் மஹ்சீர் மீன் பிடித்த நாட்களில், வெந்த ராகி உருண்டைக்கு மேலே தங்கூசில் ஈயத்தகட்டைச் சுருட்டி விடுவார்கள். பாறை இடுக்கில் குண்டு சிக்கிக்கொள்ளும்; சுருட்டிய தகடு வழுக்கி வந்துவிடும்.

ஈயத்தில் ஒரு தீங்கு உண்டு. கீழே விழுந்த குண்டுகளை நீர்ப்பறவைகள் கூழாங்கல் என்று விழுங்கி விஷமேறிச் சாகின்றன. அன்னங்கள் அப்படி மடிந்ததால் பிரிட்டன் 1987இல் சிறிய ஈய எடைகளின் விற்பனையைத் தடைசெய்தது. நம் ஏரிகளிலும் வாத்தும் தாராவும் மேய்கின்றன. அதனால் ஈயத்துக்குப் பதில் டங்ஸ்டன் போடலாம். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், டங்ஸ்டனுக்கு 19.3. அதே எடை முக்கால்வாசிக்கும் குறைவான இடத்தில் அடங்கிவிடுவதால் தவளையின் வயிற்றில் காற்றுக்கு அதிக இடம் மிஞ்சும். விலை அதிகம்தான்; கொடுக்கலாம்.