திருகா, பசையா?

தாடை எலும்போடு ஒன்றிப்போன டைட்டானிய இம்ப்ளான்ட்டின் மேல் பீங்கான் பல்லை உட்காரவைக்க இரண்டு வழி: பசையால் ஒட்டலாம், அல்லது பல்லில் விட்ட துளை வழியே திருகாணியால் பூட்டலாம். பசை வைத்து ஒட்டினால் துளை தெரியாது. சற்றுச் சாய்வாக நட்டதையும் மறைத்துவிடும். முன்பல்லுக்கு அழகு. ஆனால் ஈறுக்கடியில் பிதுங்கித் தங்கும் பசை, கண்ணில் படாமலே சதையை வீங்கவைத்து எலும்பையும் அரிக்கலாம்.

என் மனம் திருகாணிப் பக்கம்தான். கடைவாய்ப் பல்லின் நடுக்குழியில் சின்னத் துளை. அதன் வழியே திருகாணி இறங்குகிறது. பல வகைகளில் 35 நியூட்டன் சென்டிமீட்டர் வரை முறுக்குவார்கள். பிறகு அதன் தலைமேல் டெஃப்ளான் நாடா (பிளம்பர் குழாய் மரையில் சுற்றும் அதே ரகம்!), அதற்கு மேல் பல்நிறக் கலவை. நாளைக்குத் திருகு தளர்ந்தால், அந்த மூடியை மட்டும் தோண்டியெடுத்து, பல்லை உடைக்காமல் கழற்றி, மறுபடி பூட்டிவிடலாம்.