ஜேபெக் கடைசியில் வரட்டும்

அம்மாவின் கல்யாணப் பட்டுப்புடவையை ஜன்னலோரம் விரித்து, 24 மெகாபிக்சல் கேமராவில் ரா, ஜேபெக் இரண்டும் சேர்ந்து பதியும்படி வைத்து ஒரு படம் எடுத்தேன். அரக்குச் சிவப்புக் கரை, சரிகை, நிழல் விழுந்த மடிப்பு எல்லாம் அதில் இருந்தன. அந்த ஒரே படத்தை டார்க்டேபிள், கிம்ப் ஆகிய மென்பொருள்களில் ஒரு வாரம் திருத்தி, வெவ்வேறு கோப்பு வகைகளில் சேமித்துப் பார்த்தேன்.

ஜேபெக்: 1992-இல் தரப்படுத்தப்பட்ட வகை. படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். சுருக்காமல் வைத்தால் 72 எம்பி ஆகும் படம் 10 எம்பி அளவில் அடங்குவது அதனால்தான். ஆனால் கழித்தது திரும்பி வராது. தரம் 75-இல் சேமித்தேன். மூடித் திறந்து, ஓரத்தில் சில பிக்சல் வெட்டி, வெளிச்சத்தை லேசாக மாற்றி, மறுபடி சேமித்தேன். இப்படிப் பத்து முறை. முழுப் படமாகப் பார்த்தால் குறை தெரியவில்லை. 200 சதவீதம் பெரிதாக்கினால் சரிகை இழைகளைச் சுற்றிப் பிசிறு. கரையின் சிவப்பு புடவையின் உடலுக்குள் கசிந்திருந்தது. நிறத் தகவலை ஜேபெக் குறைத்து வைப்பதால் வரும் கசிவு இது. ஏற்றுமதி செய்யும்போது நிறத் தகவலைக் குறைக்காத 4:4:4 என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெருமளவு குறைகிறது.

ரா: ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 14 பிட் ராவில் 16,384. நிழல் மடிப்பின் வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் ஏற்றியபோது ஜேபெக்கில் திட்டுத் திட்டாக வந்தது; ராவில் நெசவு தெரிந்தது. டார்க்டேபிள் ரா கோப்பில் கைவைப்பதே இல்லை. திருத்தங்களைப் பக்கத்தில் ஒரு சிறிய எக்ஸ்எம்பி கோப்பில் எழுதிக்கொள்கிறது. எத்தனை முறை மாற்றினாலும் மூலம் அப்படியே இருக்கும்.

டிஃப், எக்ஸ்சிஎஃப்: ராவிலிருந்து கிம்புக்குக் கொண்டுபோக 16 பிட் டிஃப் சிறந்தது. சுருக்காத கோப்பு 144 எம்பி. இடம் பிடித்தாலும் எதையும் இழப்பதில்லை. லேயர் வைத்து வேலை செய்தால் எக்ஸ்சிஎஃப், ஃபோட்டோஷாப்காரர்களுக்குப் பிஎஸ்டி. கிம்பில் 'சேமி' என்றால் எக்ஸ்சிஎஃப் மட்டும்தான், ஜேபெக்குக்கு 'ஏற்றுமதி'. வேலைக்கான கோப்பு வேறு, கொடுப்பதற்கான கோப்பு வேறு என்பதை இந்தப் பிரிவே கற்றுக்கொடுத்துவிடுகிறது.

பிஎன்ஜி: இதுவும் எதையும் இழக்காது. லோகோ, ஸ்கிரீன்ஷாட், பின்னணி நீக்கிய படம் ஆகியவற்றுக்கு இதுதான். புகைப்படத்துக்கு வீணாகப் பெருத்துவிடும்.

ஹீக்: 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்களில் இருக்கிறது. தரத்துக்கு அளவு சிறியது. பழைய மென்பொருள்களில் திறக்காது.

தீர்ப்பு: ராவில் எடுங்கள், டிஃப் அல்லது எக்ஸ்சிஎஃப்பில் திருத்துங்கள், எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு முறை ஜேபெக் ஆக்குங்கள். போனில் ஜேபெக் மட்டும்தான் என்றால், நகல் எடுத்து ஒரே அமர்வில் திருத்தி முடித்து, உயர்ந்த தரத்தில் ஒரு தடவை சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

பட்டை ஒரே மடிப்பில் வைத்தால் இற்றுப்போகும் என்று அம்மா அடிக்கடி மடிப்பு மாற்றி வைப்பார். அப்படியும் இரண்டு இடங்களில் இழை விட்டுவிட்டது. அந்த நெசவு முழுதாக இருக்கும் ரா கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறேன்.