டெனான் டிஎல்-103 (கார்ட்ரிட்ஜ்)

டெனான் டிஎல்-103 என்பது இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி பெறும் அசைவை மின்குறிப்பாக மாற்றும் இயங்குசுருள் வகைக் கார்ட்ரிட்ஜ். 1960களில் ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்புக்காக உருவானது.

இதன் ஊசித்தண்டு விறைப்பானது. ஊசியழுத்தம் சுமார் 2.5 கிராம். ஆகவே கனமான டோன்ஆர்மே பொருந்தும். மெல்லிய ஆர்மில் ஒத்ததிர்வு 12 ஹெர்ட்ஸைத் தாண்டித் தாழொலியைக் குழப்பும். நெகிழ்வு மிகுந்த ஷூர் வி15 இதற்கு நேர்மாறானது: கனமான ஆர்மில் அதன் ஒத்ததிர்வு 8 ஹெர்ட்ஸுக்குக் கீழிறங்கும், நெளிந்த தட்டுகளில் ஊசி தடுமாறும்.

டிஎல்-103இன் வெளியீடு 0.3 மில்லிவோல்ட்டே என்பதால் கூடுதல் பெருக்கமும் தேவை. கூம்புமுனை ஊசி, தட்டின் உட்பகுதியில் நுண்ணொலிகளைத் தவறவிடுகிறது. இது உண்மையான குறை. எனினும், பொருந்தாத ஆர்மில் மாட்டிய விலையுயர்ந்த கார்ட்ரிட்ஜைவிட, பொருத்தமான ஆர்மில் அமைந்த டிஎல்-103 நிறைவாக ஒலிக்கும். விலைப்பட்டியலுக்கு முன் ஆர்மின் எடையைப் பார்ப்பதே சரியான தேர்வுமுறை.