ஆரம்பகால அமெரிக்க ஓவியம்: இடம்பெற்றோரும் விடுபட்டோரும்

ஓர் ஓவியத்தை வரைவித்தோர் யார், பேணியோர் யார் என வினவாது அதன் சமூக அடித்தளத்தை நாம் விளங்கிக்கொள்ளல் இயலாது. ஆரம்பகால அமெரிக்க உருவப்படங்களிற் பல வணிகச் செல்வரின் குடும்ப உடைமைகளாயிருந்து நூதனசாலைகளை அடைந்தவை. ஜோன் சிங்கிள்ரன் கொப்லி 1768இல் வெள்ளித்தட்டார் போல் ரெவியரை மேலங்கியின்றி, கையில் தேநீர்ச் சாடியுடன் தீட்டினார். தொழிலின் கண்ணியம் துலங்கும் இவ்வரிய படத்தை அவரது வழித்தோன்றல்கள் 1930இல் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலைக்கு வழங்கினர். ஆயினும் ரெவியர் பட்டறையின் உடைமையாளர். அவரிடம் வேலை செய்தோர் படத்தில் இல்லை.

1782இல் அடிமைத்தளையினின்று விடுபட்ட ஜோஷுவா ஜோன்சன் பால்ரிமோரில் ஓவியரானார். வொஷிங்ரன் தேசிய ஓவியக்கூடத்திலுள்ள 'வெஸ்ற்வூட் பிள்ளைகள்' அவர் படைப்பே. ஆனால், அவர் தீட்டியோருள் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்.

நிலக்காட்சியும் இதற்கு விலக்கன்று. நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையிலுள்ள தோமஸ் கோலின் 'ஒக்ஸ்போ' (1836), புயல் சூழ்ந்த காட்டையும் வெயில் படிந்த வயல்களையும் எதிரெதிரே நிறுத்துகின்றது. காடழிவுக்கு வருந்திய கலைஞர் கோல். பூர்வகுடிகளை அகற்றும் சட்டம் நிறைவேறி அப்போது ஆறாண்டுகளே கழிந்திருந்தன. இப்படத்திலோ அம்மக்கள் இல்லை. எஞ்சிய ஓவியங்களின் அழகை நாம் மறுக்கவில்லை. அவற்றில் இடம்பெறாதோரையும் கருத்திற்கொள்ளும்போதே கலைவரலாறு முழுமைபெறும்.