கடம் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

2024 டிசம்பரில் ஜாகிர் உசேன் இறந்தபோது என் போனில் வந்து குவிந்த அஞ்சலிகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்தில் போய் முடிந்தன: இசைக்கு எல்லை கிடையாது. 'சக்தி' குழுவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லையே இல்லையென்றால் நாலு பேர் இத்தனை மெனக்கெட்டு அதைத் தாண்ட வேண்டிய அவசியம் என்ன? சக்தியின் முதல் மூன்று ஆல்பங்களிலும் எல்லைகள் துல்லியமாகக் காதில் விழுகின்றன. யார் எந்த வேலியைத் தாண்டினார், எதைக் கழற்றி வைத்துவிட்டுத் தாண்டினார் என்று பின்தொடர்ந்துகொண்டே போகலாம். அந்த இசையைக் கேட்பதில் எனக்குள்ள சுவாரசியமே அதுதான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஜான் மெக்லாக்லின் இங்கிலாந்துக்காரர். மைல்ஸ் டேவிஸோடு வாசித்தவர். 1971-ல் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் எலெக்ட்ரிக் கிதாரைக் காது கிழிய வாசித்துப் பெரும்புகழ் பெற்றவர். அந்தப் புகழுக்கு நடுவில்தான் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொள்ளப் போனார். வயலினுக்கு எல். சங்கர், தபலாவுக்கு ஜாகிர், மிருதங்கத்துக்கு ராம்நாட் ராகவன், கடத்துக்கு டி.எச். விநாயக்ராம் என்று ஆள் சேர்ந்தது. 1975 ஜூலை 5 அன்று லாங் ஐலண்டின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரிதான் முதல் ஆல்பம். மூன்றே உருப்படிகள், கடைசி உருப்படி மட்டும் அரைமணி நேரத்தைத் தொடுகிறது. அதன் பிறகு ராகவன் இல்லை. நால்வராக 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி', 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்' என்று இன்னும் இரண்டு தட்டுகள். 1978-ல் குழு கலைந்துவிட்டது. மகாவிஷ்ணு அளவுக்கு இது விற்கவும் இல்லை.

இதில் மெக்லாக்லின் செய்த முதல் காரியம் பிளக்கைப் பிடுங்கியது. சத்தத்தால் பெயரெடுத்த மனிதர் அக்கூஸ்டிக் கிதாரைத் தூக்கிக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அதுவும் கடையில் கிடைக்கிற கிதார் இல்லை. ஏப் வெக்டர் என்கிற கிதார் ஆசாரி செய்து கொடுத்தது. மெட்டுகளுக்கு இடையில் இருக்கிற மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தார். விரலால் தந்தியை அமுக்கியும் இழுத்தும் சுரத்தை வளைக்க இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக. ஒலித்துளைக்குக் குறுக்கே, தானாகவே அதிர்ந்து ரீங்கரிக்க ஏழு தந்திகள். கமகம் என்று ஒன்று இருக்கிறது, அது என் வாத்தியத்தில் வராது, ஆகவே என் வாத்தியத்தை அறுக்கிறேன் என்று ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். 1965-ல் பீட்டில்ஸ் ஒரு பாட்டில் சிதார் வைத்ததற்கும் இதற்கும் உள்ள தூரத்தை இங்கே அளந்துகொள்ளலாம். அங்கே சிதார் ஒரு மசாலா. இங்கே சமைக்கிற பாத்திரத்தையே மாற்றிவிட்டார்கள்.

ஆனால் கிதாரைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் கேட்பது கடத்தை.

சபாக் கச்சேரியில் கடம் எங்கே உட்காரும் என்று பார்த்திருப்பீர்கள். முன்வரிசையில் பாடகர், ஒரு பக்கம் வயலின், மறுபக்கம் மிருதங்கம். கடமும் கஞ்சிராவும் மோர்சிங்கும் பின்னால். உபபக்கவாத்தியம் என்று பெயர், அதாவது பக்கவாத்தியத்துக்கும் பக்கம். மிருதங்கம் வழிகாட்டும், கடம் ஒத்துப்போகும். தனி ஆவர்த்தனம் வரும்போது முறை கிடைக்கும். பாடகருக்கு நேரமில்லையென்றால் அதுவும் சுருங்கும். மானாமதுரைக் குயவர் பதமாகத் தட்டித் தட்டிச் செய்து, சுட்டு, சுருதி பார்த்து அனுப்புகிற அந்தப் பானைக்கு நூறு வருஷக் கச்சேரி மரபில் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

ராகவன் விலகியதும் சக்தியில் என்ன நடந்தது என்றால், அந்தக் கடத்துக்கு மேலே யாருமே இல்லாமல் போனார்கள். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் தருகிற அடிநாதம் இனி ஜாகிரின் இடதுகை டக்காவிலிருந்தும் விநாயக்ராமின் வயிற்றிலிருந்தும்தான் வந்தாக வேண்டும். வயிற்றிலிருந்து என்றால் நிஜமாகவே வயிற்றிலிருந்து. கடத்தின் வாயைத் தொப்பையில் அணைத்துக் கொஞ்சம் விலக்கி ஒட்டும்போது அந்தக் கும் என்ற நாதம் ஏறி இறங்கும். இரண்டாவது ஆல்பத்தை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். அதன் முதல் உருப்படி கொன்னக்கோலில் தொடங்குகிறது: வாத்தியமே இல்லாமல், வாய்ச்சொல்லாகவே ஜதி. அதன் பிறகு கடம் வாசிக்கிற விதத்தில் ஒரு விட்டேத்தித்தனம் இருக்கிறது. யாருக்கும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயமில்லாத ஒருவர் பேசுகிற மாதிரி. கிழக்கும் மேற்கும் சந்தித்ததைவிட எனக்கு இந்தச் சந்திப்பு பெரிதாகப் படுகிறது. கர்நாடக இசையின் பின்வரிசை, முன்வரிசைக்கு வர லாங் ஐலண்ட் வரை போக வேண்டியிருந்தது.

சரி, நாலு பேரும் எதை நம்பி ஒருவரையொருவர் விட்டுப் பிரிந்து ஓடுகிறார்கள்? கணக்கை நம்பி. சாஃப்ட்வேர்காரன் என்பதால் சொல்லவில்லை, அங்கே உண்மையிலேயே அதுதான் இருக்கிறது. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில் எட்டு எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நாலு அட்சரம் என்றால் மொத்தம் 32. 'ததிகிணதொம்' என்பது ஐந்து. அதை இரண்டு தரம் சொன்னால் பத்து. இந்தப் பத்தை மூன்று தடவை, நடுவில் இரண்டு இடத்தில் ஒவ்வொரு அட்சரம் மௌனம் விட்டுச் சொல்லிப் பாருங்கள். 32 தீர்ந்து, அடுத்த அடி சரியாக சமத்தில் விழும். இதையே ஹிந்துஸ்தானியில் தீஹாய் என்கிறார்கள். ஜாகிருக்கும் விநாயக்ராமுக்கும் ராகம் பேசுகிற மொழி வேறு, கைப்பழக்கம் வேறு, குரு வேறு. ஆனால் மூன்று முறை சொல்லி வந்து இறங்குவது என்கிற இந்த ஏற்பாடு இரண்டு பேருக்கும் பொது. மெக்லாக்லின் அதைக் கற்றுக்கொண்டார், மேலோட்டமாக இல்லை. 2007-ல் செல்வகணேஷோடு சேர்ந்து கொன்னக்கோல் பாட டிவிடியே வெளியிடுகிற அளவுக்கு.

எங்கள் ஊர்க்காரனுக்கு இதற்கு ஓர் உவமை கையிலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி மலை ரயில் கல்லாறு வரை சாதாரண ரயில்தான். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல்வரிசை ஒன்று தொடங்கும். எஞ்சினுக்கு அடியிலுள்ள பல்சக்கரம் அதைக் கவ்விக்கவ்வி குன்னூர் வரை ஏறும். சுவிட்சர்லாந்தில் செய்த எஞ்சின் நீலகிரியில் ஏறியது அந்தப் பல்லால்தான். எஞ்சின் நல்ல எஞ்சின் என்பதால் மட்டும் இல்லை. பின்னால் பொன்மலைப் பணிமனையில் புது எஞ்சின் செய்தபோதும் அந்தப் பல்லுக்குப் பொருத்தமாகத்தான் செய்தார்கள். இன்றைக்கு ஃப்யூஷன் என்ற பேரில் வருகிற பலதிலும் எஞ்சின்கள் அருமையாக இருக்கின்றன, கீழே பல்லைக் காணோம். ஒரு ட்ரம் மெஷின் ஓடுகிறது, அதன் மேல் ஒரு ஆலாபனை, அதன் மேல் ஒரு சாக்ஸபோன். ஒருவர் நின்றாலும் இன்னொருவருக்குத் தெரியாது.

என் அப்பாவுக்கு உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கெழுதுகிற வேலை. சபா வாசலை மிதித்தவர் இல்லை. ஒருநாள் நான் ஸ்பீக்கரில் முதல் ஆல்பத்தை ஓடவிட்டிருந்தபோது கொஞ்ச நேரம் நின்று கேட்டார். "ஏங்கண்ணு, இவுங்க சண்டை போட்டுக்கறாங்களா, பேசிக்கறாங்களா?" என்றார். அப்புறம், "பானைக்காரர் உட்டுக்குடுக்கவே மாட்டேங்கறாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆங்கிலத்தில் நான் படித்த பல மதிப்புரைகளில் விநாயக்ராமின் பெயர் வரிசையில் கடைசியாகத்தான் வரும். அப்பாவுக்கு முதலில் கேட்டதே அவர்தான்.

இந்த இடத்தில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'டை யாராவது எடுப்பார்கள், எடுக்கத்தான் வேண்டும். 1986-ல் வந்த அது தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பணம். அங்கே சந்திப்பு ஒரே ஒரு மனிதரின் மண்டைக்குள் நடந்து முடிந்து, நோட்டேஷனாக எழுதப்பட்டு, வாத்தியக்காரர்களிடம் வருகிறது. அது மகத்தான தனிமை. சக்தியில் யாரும் எதையும் முடித்துவிட்டு வருவதில்லை. சங்கர் வயலினில் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவார், மெக்லாக்லின் அதை எங்கே எடுப்பார் என்று அவருக்கே தெரியாது. தடுமாறுகிற இடங்களும் இருக்கின்றன. கிதாரின் வேகம் சில சமயம் ராகத்தை மிதித்துக்கொண்டு ஓடுகிறது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. வேலி தாண்டுகிறவனுக்கு வேட்டி கிழியத்தான் செய்யும்.

1997-ல் 'ரிமெம்பர் சக்தி' என்று குழு மறுபடி கூடியது. முதலில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பிறகு மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், விநாயக்ராமின் இடத்தில் அவர் மகன் செல்வகணேஷின் கஞ்சிரா, கொஞ்சம் பிந்தி சங்கர் மகாதேவன். ஸ்ரீநிவாஸ் வந்தது பொருத்தத்திலும் பொருத்தம். அவரும் வாத்தியத்தை மாற்றிய ஆள்தான். இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி இருக்கிற மாண்டலினை ஐந்து ஒற்றைத் தந்தி எலெக்ட்ரிக் வாத்தியமாக்கிக்கொண்டு சபாவுக்குள் நுழைந்த பையன். 2014-ல் நாற்பத்தைந்து வயதில் போய்ச் சேர்ந்தார். அவரும் மெக்லாக்லினும் மாறி மாறி வாசிக்கும்போது யார் கிழக்கு யார் மேற்கு என்று குழம்புவது உண்மையான சந்தோஷம்.

குரல் வந்ததும்தான் எனக்குச் சிக்கல் ஆரம்பிக்கிறது. சங்கர் மகாதேவனின் குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாடகர் ஒருவர் நடுவில் உட்கார்ந்ததும் நமது காதுகள் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடுகின்றன. குரல் பிரதானம், மற்றதெல்லாம் பக்கவாத்தியம். 1976-ல் கலைத்துப் போட்ட இருக்கைகள் ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்கு நகர்கின்றன. கொன்னக்கோலும் உரையாடலாக இருந்த நிலை போய், வேகம் காட்டுகிற சாகசமாக மாறிவிட்டது. தீர்மானம் வந்து விழுவதற்கு முன்பே கூட்டம் கைதட்டத் தயாராக இருக்கிறது. 2023-ல் வந்த 'திஸ் மொமெண்ட்' 2024 பிப்ரவரியில் கிராமி வாங்கியது. எல்லோரும் கொண்டாடினார்கள், கொண்டாட வேண்டியதுதான். நான் அந்த ஆல்பத்தை நாலைந்து தடவை கேட்டேன். எந்த இடத்திலும் யாருடைய வேட்டியும் கிழியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் சுத்தம் என்று நினைக்கிற சபாவே ஒரு ஃப்யூஷன் குழுதான். வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்து பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் நம் இசைக்குள் புகுந்தது. சுருதி மாற்றி, தோளிலிருந்து இறக்கி, தரையில் உட்கார வைத்து அதை நம்மதாக்கிக்கொண்டோம். கஞ்சிராவை மேடைக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை. ஆகக் கதவு திறக்காத கதவு இல்லை. யாருக்குத் திறந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கடல் கடந்து வந்த வயலினுக்கு இருநூறு வருஷத்துக்கு முன்னால் திறந்தது. லாங் ஐலண்டில் கிதாருக்குத் திறந்தது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோயில். ஆடியில் குண்டம் நடக்கும். அங்கேயும் சுற்றுப்பட்டுக் கோயில் நோன்புகளிலும் ஜமாப் கேட்டு வளர்ந்த காது இது. வட்டம் கட்டி ஆடிக்கொண்டே அடிப்பார்கள். முன்னால் இருக்கிற ஒருவர் அடியை மாற்றியதும் வட்டம் முழுக்க மாறும், யாரும் எண்ணுகிற மாதிரி தெரியாது. அடிக்கிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். மெக்லாக்லினுக்கு வீணை கற்றுக்கொடுக்க ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. ஜமாப்புக்கும் மயிலாப்பூருக்கும் நடுவே அப்படி ஒரு வெஸ்லியன் இல்லை. தூரம் என்னவோ ஒரு ராத்திரி ரயில்தான்.

பவானி ஆறு அட்டப்பாடி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் எங்கள் ஊருக்கு வருகிறது. அந்த அட்டப்பாடியின் இருளர் பாடகி நஞ்சியம்மாவுக்கு 2022-ல் 'அய்யப்பனும் கோஷியும்' படப் பாட்டுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவித்தபோது, சுருதியோடு பாடத் தெரியாதவருக்கா என்று கேள்வி வந்தது. கேட்டவர் ஒரு இசைக்கலைஞர். கிதார் தன் சுருதியை வளைப்பதற்கு மரத்தை அறுத்தால் மேதைமை. அந்த அம்மாவின் சுரம் தன் இடத்தில் நின்றால் பிழை.

ஜமாப்பையும் பறையையும் ஃப்யூஷன் மேடைகளில் நான் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. காலேஜ் கல்ச்சுரல்ஸில் கூப்பிடுவார்கள். நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் ஐந்து நிமிஷம், கீபோர்டுக்குப் பின்னால் நின்றபடி, கூட்டம் ஆடுவதற்காக. மைக் செட்காரர் முதல் அடியிலேயே ஃபேடரைக் கீழே இறக்கிவிடுவார், ரொம்ப சத்தமாக இருக்கிறது என்று.