யால்தா கடிதங்களில் முன்னிலைப் பெயர்: ஒரு மொழிபெயர்ப்பு நோக்கு

1897 மார்ச்சில் நுரையீரலில் குருதிக்கசிவு ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அந்தோன் செகாவ், மருத்துவர் அறிவுரைப்படி அடுத்த குளிர்காலத்தைப் பிரான்சின் நீஸ் நகரில் கழித்தார். 1898 முதல் கிரிமியாவின் யால்தா அவருடைய வாழ்விடமாயிற்று. 1901இல் அவர் மணந்த நடிகை ஓல்கா கினிப்பரோ நாடகப் பருவந்தோறும் மாஸ்கோக் கலையரங்கில் இருந்தாக வேண்டியவர். ஆகவே இருவரின் இல்லறம் பெரும்பாலும் கடிதங்களிலேயே நடந்தது. இக்கடிதங்களைத் தமிழாக்குவோர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் முன்னிலைப் பெயர் பற்றியதாகும்.

உருசிய மொழியில் 'தி' என்பது நெருக்க ஒருமை. 'வி' என்பது பன்மையும் மரியாதை ஒருமையும் ஆகும். 1900 கோடை வரை இருவரும் ஒருவரையொருவர் 'வி' என்றே விளித்தனர். அக்கோடையில் ஓல்கா யால்தாவில் தங்கிச் சென்றபின், ஆகஸ்டு மாதக் கடிதங்களில் 'தி' இடம்பெறுகிறது. உறவில் நேர்ந்த மாற்றத்தை இலக்கணமே அறிவித்துவிடுகிறது. 1920களில் வெளிவந்த கான்ஸ்டன்ஸ் கார்னெட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் இம்மாற்றம் முன்னிலைப் பெயரில் புலப்பட வழியில்லை. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல்தான்.

தமிழிலோ 'நீ', 'நீங்கள்' என்னும் வேறுபாடு உருசிய மொழியின் வேறுபாட்டை ஏறத்தாழ ஒத்தது. எனினும் ஆங்கிலவழித் தமிழாக்கம் இவ்வாய்ப்பைத் தவறவிடக்கூடும். அதனினும் பெரிய இடர் வேறொன்று. தமிழ்க் குடும்ப வழக்கையொட்டிக் கணவர் 'நீ' எனவும் மனைவி 'நீங்கள்' எனவும் எழுதுவதாக அமைத்தல் இயல்பாகத் தோன்றும். பிரவுன், கில்மன் ஆகியோர் 1960இல் வகுத்த பாகுபாட்டின்படி, இது தோழமை உறவை அதிகார உறவாகத் திரித்துவிடும். ஓல்காவின் கடிதங்களிலும் 'நீ' வருதலே மூலத்திற்கு இயைந்தது. வாசகருக்கு முதலில் உறுத்தினும் அதனை விலக்கலாகாது.

விளிச்சொற்களின் நிலை வேறு. செகாவ் மனைவியைச் செல்லமாக 'நாய்' என்றழைத்தார். பக்திப் பாடல்களில் 'நாயேன்' என்பது தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் சொல். பிறரை நோக்கிக் கூறினால் வசை. இங்குச் சொல்லைக் காத்தால் தொனி கெடும். 'நாய்க்குட்டி' என்பது ஓரளவு பொருந்தலாம்.

தொலைவில் நோயுற்றிருப்பவருக்கு முன்னிலைப் பெயரே அண்மையை உணர்த்தும் கருவியாக இருந்தது. எனவே ஆங்கிலவழி மொழிபெயர்ப்போர், 1900 ஆகஸ்டையொட்டிய கடிதங்களையேனும் உருசிய மூலத்துடன் ஒப்பிட்டு முன்னிலைப் பெயர்களை வரையறுத்தல் இன்றியமையாதது.