மேல்நிலைக் கணினிப் பாடமும் நிரலாக்கச் சூழலின் தேர்வும்

தமிழ்நாட்டின் மேல்நிலைக் கணினி அறிவியல் பாடத்தில், மாணவர்கள் நிரல் எழுதப் பயன்படுத்தும் மென்பொருள் டர்போ சி++, டெவ் சி++, பைத்தானின் ஐடில் என்று மாறி வந்துள்ளது. 2018-19 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் 2019-20இல் பன்னிரண்டாம் வகுப்புக்கும் வந்த புதிய பாடநூல்கள் செய்த தேர்வை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து அரசுப் பள்ளி மாணவரின் நிலை இங்கே அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

நிரலாக்கச் சூழல் என்பது

நிரல் எழுத ஓர் எழுதுபக்கம் வேண்டும். எழுதியதைக் கணினிக்குப் புரியும்படி மாற்ற, கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பியோ வரிவரியாக இயக்கும் மொழிமாற்றியோ வேண்டும். பிழை வந்தால் தேடிப் பிடிக்க வழுநீக்கி வேண்டும். இவற்றை ஒரே சாளரத்தில் சேர்த்துத் தருவதே ஒருங்கிணைந்த நிரலாக்கச் சூழல். இவற்றில் மொழி வேறு, நிரல்பெயர்ப்பி வேறு, அவற்றைச் சுற்றியுள்ள சாளரம் வேறு. தேர்வு பற்றிய குழப்பங்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாகக் கொள்வதால் வருபவை.

டர்போ சி++ விட்டுச் சென்றது

டர்போ சி++ஐ போர்லாண்ட் நிறுவனம் 1990இல் வெளியிட்டது. சி++ மொழிக்கான முதல் பன்னாட்டுத் தரம் 1998இல்தான் வந்தது. ஆனாலும் பழைய பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலின் நிரல்கள் ஐஓஸ்ட்ரீம்.எச், கோனியோ.எச் என்ற தலைப்புக் கோப்புகளுடனேயே தொடங்கின. திரையைத் துடைக்க ஒரு கட்டளையும், விசை அழுத்தும் வரை காத்திருக்க ஒரு கட்டளையும் ஏறக்குறைய எல்லா நிரல்களிலும் இருந்தன. இவை சி++ மொழியின் பகுதிகள் அல்ல; டாஸ் காலத்து ஒரு மென்பொருளின் பழக்கங்கள். மாணவர்கள் அவற்றையே மொழி என்று மனப்பாடம் செய்தார்கள்.

கணக்கிலும் இது தெரியும். டர்போ சி++இல் முழு எண் வகைக்கு 2 பைட்டு. அதில் அடங்கும் பெரிய எண் 32767. 200ஐ 200ஆல் பெருக்கி அந்த வகையில் வைத்தால் 40000க்குப் பதில் -25536 வரும். அதே நிரல் இன்றைய நிரல்பெயர்ப்பியில் 40000 என்றே காட்டும். 64 பிட் விண்டோஸில் டர்போ நேரடியாக இயங்காது என்பதால், டாஸ்பாக்ஸ் என்ற போலி டாஸுக்குள் அதை ஓட்டும் வழக்கமும் உண்டானது.

புதிய பாடநூலின் தேர்வு

2018 பாடநூல் டெவ் சி++ஐ எடுத்துக்கொண்டது. இது கட்டற்ற உரிமத்தில் வரும் மென்பொருள். ஜிசிசி நிரல்பெயர்ப்பி உள்ளேயே சேர்ந்து வருகிறது. நிறுவல் கோப்பு ஏறத்தாழ 50 எம்பி. அடுத்த ஆண்டின் பைத்தான் பாடத்துக்கு, பைத்தானுடனேயே வரும் ஐடில் தேர்வானது.

இந்தத் தேர்வைப் பழையது, எளியது என்று தள்ளுவோர் பெரும்பாலும் 2015இல் வந்த விஷுவல் ஸ்டுடியோ கோட் போன்றவற்றுடன் ஒப்பிடுகிறார்கள். வேலைக்குப் போனவருக்கு அந்த ஒப்பீடு சரி. அருப்புக்கோட்டைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும், திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து மானாவாரி விவசாயி வீட்டுப் பிள்ளைக்கும் கேள்வி வேறு. மத்திய அரசு 2018இல் வளர்ச்சியை எதிர்நோக்கும் மாவட்டங்கள் என்று அறிவித்தவற்றுள் விருதுநகரும் ஒன்று. இங்கே முதலில் கேட்க வேண்டியவை நான்கு. பள்ளி ஆய்வகத்துப் பழைய கணினியில் ஓடுமா? பென்டிரைவில் கொண்டுபோய் நிறுவ முடியுமா? இணையம் இல்லாத இரவில் இயங்குமா? பணம் கேட்காமல் இருக்குமா?

டெவ் சி++, ஐடில் இரண்டும் இந்த நான்குக்கும் ஆம் என்கின்றன. விஷுவல் ஸ்டுடியோ கோட் இலவசமானாலும் மொழியைத் தனியாக நிறுவ வேண்டும். அதற்கான நீட்சிகளை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். நினைவகமும் கூடுதலாகக் கேட்கும். அந்த வகையில் பாடநூலின் தேர்வு நியாயமானது. ஐடிலில் இன்னொரு நன்மையும் உண்டு. பைத்தான் 3 தமிழ் எழுத்துகளை மாறிப் பெயர்களிலும் ஏற்கும். விலை, எடை என்று தமிழிலேயே பெயர் வைத்துக் கணக்குப் போடலாம். தமிழ்வழி மாணவருக்கு இது சிறிய உதவி அல்ல.

குறைகள்

குறை, தேர்ந்தெடுத்த கருவியைவிட அதைக் கற்பிக்கும் முறையில்தான் அதிகம்.

முதலாவது, ஏன் இந்தக் கருவி என்ற காரணம் மாணவரிடம் சொல்லப்படவில்லை. டெவ் சி++ பற்றிய பகுதியின் அழுத்தம் எந்தப் பட்டியில் எதைச் சொடுக்குவது என்பதில் இருக்கிறது. பைத்தான் பாடத்தின் இறுதி வினாக்களில், புதிய நிரலைத் தொடங்கும் குறுக்குவழி விசை எது என்பதும் ஒன்று. கண்ட்ரோல் விசையோடு என் எழுத்தை அழுத்துவது ஒரு சாளரத்தின் பழக்கம். அதை மதிப்பெண்ணுக்குரிய அறிவாக்கும்போது, டர்போ காலத்துத் தவறு புதிய உடையில் திரும்பி வருகிறது.

இரண்டாவது, பதினொன்றாம் வகுப்புப் பாடநூல் விண்டோஸுடன் உபுண்டுவையும் அறிமுகம் செய்கிறது. ஆனால் டெவ் சி++ நடைமுறையில் விண்டோஸுக்கான மென்பொருள். 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் நிறுவித் தரப்பட்டது. இப்படிக் கையில் இருந்த லினக்ஸ், நிரல் எழுதும் இடமாகப் பாடத்துக்குள் வரவே இல்லை.

மூன்றாவது, கட்டளை வரியில் நிரலை இயக்குவது மிகத் தாமதமாக வருகிறது. பைத்தானிலிருந்து சி++ நிரலை இயக்கும் பன்னிரண்டாம் வகுப்பின் பிற்பகுதிப் பாடத்தில், ஜி++ நிரல்பெயர்ப்பியும் கட்டளைச் சாளரமும் சேர்ந்தே வருகின்றன. அதுவரை பொத்தானை மட்டுமே அறிந்த மாணவருக்கு அது புரியாத சடங்காகிறது.

நான்காவது, வரைபடம் வரையும் பாடத்துக்கு மேட்பிளாட்லிப் தேவை. அது பைத்தானோடு வருவதில்லை. பிப் கட்டளை மூலம் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். அதுவரை இணையமின்றி நடந்த பாடம் இங்கே நின்றுவிடுகிறது. கோப்புகளை ஒருமுறை இறக்கிப் பென்டிரைவ் வழியாக எல்லாக் கணினிகளிலும் நிறுவலாம். அந்த வழி பாடமாக வேண்டும்.

டெவ் சி++இன் வளர்ச்சியும் சீராக இல்லை. பரவலாகப் பயன்பட்ட 5.11 பதிப்பு 2015இல் வந்தது; பாடநூல் வந்தபோது அதற்குப் பின் புதிய பதிப்பு இல்லை. 2020இல்தான் எம்பார்கடேரோ நிறுவனம் அதை மீண்டும் கையில் எடுத்தது. ஒரே கருவியில் பாடத்தைக் கட்டுவதன் ஆபத்துக்கு இது சான்று.

மாற்று வழிகள்

பைத்தானுக்கு, எஸ்தோனியாவின் டார்டு பல்கலைக்கழகத்தில் உருவான தோனி நல்ல மாற்று. பைத்தானும் அதிலேயே சேர்ந்து வருகிறது. நிரல் ஒவ்வொரு படியாக ஓடும்போது மாறிகளின் மதிப்பு எப்படி மாறுகிறது என்று காட்டுகிறது. சி++க்கு கோட் பிளாக்ஸ், ஜீனி ஆகியவை விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்குபவை.

இருப்பதை மாற்றாமலும் குறையைத் தீர்க்கலாம். ஒரு பிழையுள்ள நிரலை ஐடிலில் இயக்கிவிட்டு, அதே கோப்பைக் கட்டளைச் சாளரத்தில் இயக்கினால் அதே வரி எண், அதே பிழைச் செய்தி வரும். சாளரம் மாறினாலும் மொழி மாறாது என்பதை மாணவர் ஒரே பாடவேளையில் காண்பார். ஆங்கிலத்தில் வரும் பிழைச் செய்தியின் கடைசி வரியைத் தமிழில் விளக்கும் ஒரு பக்க அட்டவணை, எந்தப் புதிய மென்பொருளையும்விடத் தமிழ்வழி மாணவருக்குப் பயன்படும்.

மதிப்பீடு

2025 மார்ச் 14 அன்று, திருச்சுழித் தொகுதியின் உறுப்பினரும் நிதியமைச்சருமான தங்கம் தென்னரசு தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தரப்படும் என்று அறிவித்தது. நிரல் கற்பவருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல. பாடநூல் சொல்லும் இரு சூழல்களும் மேசைக்கணினிக்கும் மடிக்கணினிக்கும் ஆனவை. எந்தச் சாதனம் என்பதுதான் சூழல் தேர்வின் முதல் படி.

டெவ் சி++, ஐடில் ஆகியவற்றைத் தேர்ந்தது கரிசல் காட்டுப் பள்ளிக்குப் பொருந்திய முடிவு. ஆனால் கருவிகள் மாறும். டர்போ போனதுபோல இவையும் போகும். திருச்சுழியில் படித்தவர் சென்னையிலோ பெங்களூரிலோ வேறொரு சாளரத்தின் முன் உட்காரும்போது எது கூட வருகிறது என்பதே பாடத்தின் அளவுகோல். குறுக்குவழி விசைகள் அங்கே உதவா. பிழையை வாசிக்கவும், நிரல் எப்படி இயங்குகிறது என்று பிரித்துப் பார்க்கவும், தன் தேவைக்கேற்ற கருவியைத் தானே தேர்ந்தெடுக்கவும் தெரிந்திருந்தால் போதும். இன்றைய பாடநூல் சரியான கருவியைக் கையில் கொடுக்கிறது. தேர்ந்தெடுக்கும் அறிவை இன்னும் கொடுக்கவில்லை.